கரண்ட் கொடுத்தால் மண்புழு வெளியே வருமா? உயிரைப் பறித்த தூண்டில் இரை வேட்டை!

தூண்டில் போடுபவர்களுக்கு இரை தேடுவதே பாதி வேலை. அமெரிக்காவில் இதற்குச் சிலர் பிடித்த குறுக்கு வழி, ஈர மண்ணில் இரும்புக் கம்பியைக் குத்தி, வீட்டு பிளக்கில் இருந்து கரண்ட் கொடுப்பது.

புழு வருமா? வரும். மண்புழு தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது. அதனால் தோல் எப்போதும் ஈரமாக இருக்கும். மண்ணில் மின்சாரம் பாய்ந்ததும் தப்பிக்க மேலே ஏறி வருகிறது.

சிக்கல் என்னன்னா, புழு எது, மனுஷன் யாருன்னு கரண்டுக்குத் தெரியாது. குனிந்து பொறுக்கும் கை, ஈரத்தில் நிற்கும் வெறுங்கால், ரெண்டுமே அதற்குப் பாதை. இந்தக் கம்பிகளால் குழந்தைகள் உட்படப் பலர் இறந்ததாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. கடையில் விற்ற கருவிகளும் திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்கும் அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட்தான். நம்ம வீட்டில் 230!

மண்புழு ஆய்வாளர்களும் மின்சாரம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எட்டுக் கம்பிகளை வட்டமாக நட்டு, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் தனிக் கருவி மூலம். அது வீட்டு பிளக் சமாச்சாரம் இல்லை.

புளோரிடாவின் சாப்சாப்பியில் கரண்டே வேண்டாம். மரக்கட்டையை மண்ணில் அடித்து, அதன் தலையில் இரும்புப் பட்டையைத் தேய்க்கிறார்கள். தரை அதிர, புழுக்கள் நூற்றுக்கணக்கில் வெளியே வருகின்றன. காரணம் என்ன? மண்ணைத் தோண்டி வரும் மோல் என்ற புழுத்தின்னி விலங்கின் அதிர்வும் இப்படித்தான் இருக்கும் என்று 2008-ல் விஞ்ஞானி கென்னத் கடேனியா விளக்கினார்.