கார்க்கியின் தாயும் எங்கள் ஊர்த் தறியும்

ருஷ்ய நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மாஸ்கோவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நானோ கடையநல்லூரிலிருந்து தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். மேற்கே மலை, தெற்கே போனால் தென்காசியும் குற்றாலமும், ஊருக்குள்ளே தெருத் தெருவாகத் தறியோசை. அந்த ஓசையின் நடுவேதான் மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்' எனக்கு அறிமுகமானாள்.

அவளைத் தமிழ் பேச வைத்தவர் நமது திருநெல்வேலிச் சீமைக்காரர், தொ. மு. சி. ரகுநாதன். 1923-இல் பிறந்து 2001-இல் மறைந்த அவர், மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. 1953-இல் 'பஞ்சும் பசியும்' என்ற நாவலை எழுதினார். கைத்தறி நெசவாளர் வாழ்வே அதன் பொருள். நூல் விலை ஏறி, நெய்த துணி விலைபோகாமல், நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்த காலம் அது. ஆலைகள் வேட்டி நெய்வதற்கு 1952-இல் மத்திய சர்க்கார் வரம்பு கட்டியதும், அடுத்த ஆண்டே ஆலைத் துணியின் மீது தீர்வை விதித்ததும் அந்தத் துயரத்தின் விளைவுகளே. அந்த நாவல் செக் மொழிக்கும் போயிற்று. ருஷ்யத் தாய் தாமிரபரணிக் கரைக்கு வந்தாள். நம் நெசவாளியின் பசி ஐரோப்பாவுக்குப் போயிற்று. நியாயமான பண்டமாற்றுத்தான்!

கார்க்கி அந்தக் கதையை ஆகாயத்திலிருந்து பறித்துவிடவில்லை. அவர் பிறந்த நீஷ்னி நோவ்கோரதுக்குப் பக்கத்தில் ஸோர்மவா என்ற ஆலைப்பேட்டை. 1902 மே தின ஊர்வலத்தில் அங்கே கொடி பிடித்துச் சென்ற பியோத்தர் ஸாலமவ் என்ற தொழிலாளி ஸைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய தாயார் அன்னா துண்டுப் பிரசுரங்களை ஒளித்து எடுத்துச் சென்றவர். அவ்விருவரையும் மனத்தில் வைத்துத்தான், 1906-இல் அமெரிக்காவில் இருந்தபோது கார்க்கி இந்த நாவலை எழுதலானார்.

1970களில் நான் பள்ளி மாணவன். அடுத்த வீட்டு அம்மாளின் கணவர் சிங்கப்பூரில் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் அநேகர் அல்லவா? கடிதம் வந்தால் அதைப் படித்துக் காட்டுவது என் வேலை. ஒரு நாள் கடிதம் படித்து முடித்த கையோடு, என்னிடமிருந்த 'தாய்' நாவலிலும் சில பக்கங்களைப் படித்தேன். தார் சுற்றிக்கொண்டே கேட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார்:

"தம்பி, அந்தப் புள்ளைய போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சே, பெத்தவ என்ன செஞ்சா?"

நாள்தோறும் படித்தேன். ஆலை, சங்கு, கூட்டம் எதுவும் அவர் மனத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நீலவ்னா அந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் இடம் வந்ததும் ராட்டை நின்றது.

"நெசமாவே படிச்சிட்டாளா?"

"படிச்சிட்டா, அக்கா."

"அப்ப எனக்கும் சொல்லித் தாயேன். அவுக கடுதாசிய நானே படிச்சா நல்லாருக்கும். எல்லாத்தையும் ஒன்ன வெச்சிக் கேக்க முடியுமா?"

'ஆகட்டும்' என்றேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு கல்லூரிக்கென்று ஊரைவிட்டே போய்விட்டேன். கல்லூரியில் கார்க்கியைப் பற்றி மேடையேறிப் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். அந்த அம்மாளின் கடிதங்களை வேறொரு பையன் படித்துக்கொண்டிருந்தான்.

1932-இல் கார்க்கியின் பெயரைச் சூட்டிக்கொண்ட நீஷ்னி நோவ்கோரத் 1990-இல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. மறு ஆண்டு ஸோவியத் யூனியனே கலைந்தது. மலிவு விலையில் வந்துகொண்டிருந்த மாஸ்கோ புத்தகங்களும் நின்றுபோயின. ஆகவே, இனி அந்த நாவலுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு.

அவர்களுக்கு நான் ராட்டை நின்ற அந்தக் கணத்தைத்தான் சொல்வேன். கதையின் அரசியலை நான் படித்தேன். அதன் சாரத்தை எழுத்தறியாத அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். ஒரு மாத காலம் தினம் அரைமணி செலவிட்டிருந்தால் போதும். அதைச் செய்யாத எனக்கு, 'தாய்' நாவலைப் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள இன்றும் கூச்சமாகவே இருக்கிறது.