கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி: ஒரு நியமனமும் ஏழு மாதத் தடையும்

1966 ஜனவரி 26 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் பெயரை நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிப் பதவிக்குச் செனட் அவைக்கு அனுப்பினார். அவை ஒப்புதல் அளித்த நாள் ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதி என்று அவரை அறிமுகப்படுத்தும் குறிப்புகள் பெரும்பாலும் இவ்விரு தேதிகளுக்கு இடைப்பட்ட ஏழு மாதங்களைக் கடந்து சென்றுவிடுகின்றன. அந்த நியமனத்தின் பொருள் அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலங்களுக்குத் தனி நீதிமன்றங்கள் உண்டு; ஒன்றிய அரசுக்குத் தனி நீதிமன்றங்கள் உண்டு. பின்னதன் அடித்தளம் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். சாட்சிகள் விசாரிக்கப்படுவதும் ஆவணங்கள் குறியீடு செய்யப்படுவதும் அங்கேதான். பெயரொற்றுமையால் அதை நம் மாவட்ட நீதிமன்றத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. அந்த நீதிபதி குடியரசுத் தலைவரால் முன்மொழியப்பட்டு, செனட்டின் ஒப்புதலோடு, ஆயுட்காலத்துக்கு நியமிக்கப்படுகிறார். அரசமைப்புக்கு முரணான மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கவும் அவரால் இயலும். இத்தகைய பதவிக்கான பரிந்துரையைத் தோற்கடிக்க வாக்கெடுப்புகூடத் தேவையில்லை. செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் கோப்பை நகர்த்தாமல் வைத்திருந்தாலே போதும்.

மோட்லி 1921-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், நெவிஸ் தீவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பன்னிரு பிள்ளைகளில் ஒன்பதாமவராகப் பிறந்தார். தந்தை யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையற்காரர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் பணமில்லை. கறுப்பின மக்களுக்காக நடத்தப்பட்ட ஒரு சமூக மையத்துக்கு அம்மக்களே ஏன் வருவதில்லை என்று விவாதித்த கூட்டமொன்றில் அவர் எழுந்து, மையத்தின் முடிவுகளில் எங்களுக்குப் பங்கில்லை, அதனால்தான் வருவதில்லை என்ற பொருள்படப் பேசினார். அங்கிருந்த வெள்ளையினச் செல்வந்தர் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி அந்தப் பேச்சைக் கேட்டு அவருடைய கல்விச் செலவை ஏற்றார். (கொடையாளியின் பெருந்தன்மையை மட்டும் சொல்லி, அந்தப் பெண் அன்று எழுப்பிய குற்றச்சாட்டை விட்டுவிடுகிற வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு.) 1946-இல் கொலம்பியாவில் சட்டப் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1945-இல், தர்குட் மார்ஷல் தலைமையிலான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் சேர்ந்துவிட்டார். அங்கு பணியாற்றிய முதல் பெண் வழக்கறிஞர் அவரே.

பள்ளிகளில் நிறப்பிரிவினையை வீழ்த்திய பிரவுன் வழக்கின் மூல மனுவை 1950-இல் வரைந்தவர் மோட்லி. 1961-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். அங்கு வாதாடிய பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார். தோற்ற ஒன்று 1965-ஆம் ஆண்டின் ஸ்வெய்ன் வழக்கு. அலபாமாவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கறுப்பின இளைஞருக்காக, ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரை அரசுத் தரப்பு தொடர்ந்து நீக்கிவருவதை எதிர்த்து அவர் வாதிட்டார். 1986-இல் பேட்ஸன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்வெய்ன் வகுத்திருந்த ஏறக்குறைய நிரூபிக்கவே இயலாத அளவுகோலைக் கைவிட்டது. 21 ஆண்டுகள் கழித்து!

நியமனத்தைப் பொறுத்தவரை முக்கியமானது மிசிசிப்பி வழக்கு. அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித்துக்கு இடம் பெற்றுத்தர மோட்லி பலமுறை அங்குச் சென்று வாதாடினார். அங்கே அவருக்குத் துணைநின்றவர்களில் ஒருவரான மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மெரிடித் 1962 அக்டோபர் 1 அன்று படைகளின் காவலோடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முந்தைய இரவுக் கலவரத்தில் இருவர் உயிரிழந்திருந்தனர்.

நான்கு ஆண்டுகளுக்குள் மோட்லியின் கோப்பு சென்று சேர்ந்த இடம், அதே மிசிசிப்பியின் செனட்டரும் நிறப்பிரிவினையின் வெளிப்படையான ஆதரவாளருமான ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் மேசை. நீதித்துறைக் குழுவின் தலைவர் அவரே. மோட்லிக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு இருந்தது என்று குற்றஞ்சாட்டி அவர் பரிந்துரையை இழுத்தடித்தார். மார்ஷல் விலகியதால் காலியான மேல்முறையீட்டு நீதிமன்ற இடத்துக்கே ஜான்சன் முதலில் மோட்லியை எண்ணியிருந்தார். எழுந்த எதிர்ப்பைக் கண்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு இறங்கிவந்தார். ஆக, வரலாற்றுச் சாதனை என்று நாம் கொண்டாடும் பதவியே ஒரு படி குறைத்துக் கொடுக்கப்பட்டதுதான்.

பதவியேற்ற பின்னும் கேள்வி ஓயவில்லை. 1975-இல், பெண் வழக்கறிஞர்களைப் பாகுபாட்டோடு நடத்துவதாகச் சல்லிவன் அண்ட் கிராம்வெல் நிறுவனத்தின்மீது தொடரப்பட்ட வழக்கு அவர் முன் வந்தது. பாகுபாட்டால் துன்புற்றவர்களோடு தம்மை இனங்கண்டவர் என்பதால் மோட்லி விலக வேண்டும் என்று நிறுவனத் தரப்பு கோரியது. அவர் மறுத்தார். நீதிபதியின் இனமோ பாலினமோ பின்புலமோ மட்டுமே விலகலுக்குக் காரணமாகுமெனில், இந்த நீதிமன்றத்தின் எந்த நீதிபதியும் இவ்வழக்கை விசாரிக்க முடியாது என்பது அவருடைய தர்க்கம். ஏனெனில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாலினம் உண்டு. வெள்ளை ஆணுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது என்பதைத் தீர்ப்பு மொழியில் பதிவு செய்த உத்தரவு இது. வன்கொடுமை வழக்குகளில் வாதாடி, 'உங்களுக்கு இதில் உணர்ச்சி அதிகம்' என்று கேட்டுப் பழகிய எவரும் இதை ஒருமுறை முழுமையாகப் படிக்கலாம்.

ஆயினும் அவரைப் போராளி நீதிபதியாக மட்டும் சித்திரிப்பது பிழை. பாகுபாட்டு வழக்குகளில் சான்று போதாதபோது வழக்காடியவருக்கு எதிராகவும் அவர் தீர்ப்பளித்தார். துணிந்தபோது மேல்நீதிமன்றம் கட்டுப்படுத்தியதும் உண்டு. 372 நாட்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்ட கறுப்பினக் கைதி மார்ட்டின் சோஸ்ட்ரேயின் வழக்கில், அத்தகைய சிறைவைப்பு கொடிய தண்டனை என்று 1970-இல் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. இழப்பீட்டில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தது. 1978-இல் பேஸ்பால் அணியின் உடைமாற்றும் அறையில் செய்தி சேகரிக்கப் பெண் நிருபர்களுக்கும் சம உரிமை வழங்கிய தீர்ப்பு நிலைத்தது.

1982 முதல் 1986 வரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். பின்னர் மூத்த நீதிபதியாகத் தொடர்ந்து, 2005 செப்டம்பர் 28 அன்று தம் 84-ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் இன்னொரு கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதியானது 1978-இல், மேரி ஜான்சன் லோவின் நியமனத்தின்போதுதான். அதுவரையிலான 12 ஆண்டுகளும் நாடு முழுவதற்கும் மோட்லி ஒருவரே.