புண்ணாக்கில் தொடங்கிய கணக்கு

ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம் கேழ்வரகும் மானாவாரி நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலம். கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. ஆடியில் விதைத்த கடலையைப் பிடுங்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். காய் சரியாக உலராவிட்டால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை பருப்பைப் பற்றும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. சொத்தைக் கடலையை நாக்கு கண்டுபிடித்துவிடும், நஞ்சைக் கண்டுபிடிக்காது.

இப்படியொரு நஞ்சு இருப்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தவை பறவைகள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அப்போது அளவுகருவியும் ஒரு பறவைதான்: ஒரு நாள் வயது வாத்துக் குஞ்சுக்குச் சாற்றைக் கொடுத்து, அதன் கல்லீரலில் பித்தநாளங்கள் பெருகியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பிறகு மெல்லடுக்குத் தகடு வந்தது. சாற்றை அதில் ஏற்றிப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தால் நஞ்சு நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். ஒளியின் செறிவைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிடலாம். ஓசூருக்கு அடுத்த, அன்றைய மைசூர் மாநிலத்திலும் 1966இல் புண்ணாக்குத் தீவனம் தின்ற 2,219 கோழிக் குஞ்சுகள் இறந்தன.

மனித உணவு பற்றிய கவலை இந்தியாவில் சற்று முன்பே எழுந்திருந்தது. சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மலிவான புரதமாகக் கடலை மாவைப் பரிந்துரைத்த காலம் அது. குன்னூரில் தொடங்கி ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் அன்றைய இயக்குநர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவரும் துல்புளே, மாதவன் ஆகியோரும் குட்டிக் குரங்குகளுக்கு அஃப்ளாடாக்சின் கொடுத்துக் கண்ட கல்லீரல் சேதத்தை 1964இல் வெளியிட்டனர். குழந்தை உணவாகும் மாவைச் சோதிக்காமல் விடமுடியாது என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆனால் சோதனை கிராமத்துத் தானியக் குதிர்களை எட்டவில்லை. 1974இல் ராஜஸ்தான் பான்ஸ்வாராவிலும் குஜராத் பஞ்சமகாலிலும் காலந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் இறந்தனர். வீட்டு நாய்களும் அதே நோயில் விழுந்தன. அந்தத் தானியத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. கலப்படத் தடை விதிகள் உணவுக்கு வைத்த 30 மைக்ரோகிராம் வரம்போடு ஒப்பிட்டால் அது இருநூறு முதல் ஐந்நூறு மடங்கு. தானியத்துக்கும் பருப்புக்கும் அந்த வரம்பு பின்னர் 15 ஆகக் குறைந்தது.

கருவிகள் வளர்ந்தன. உயர்திறன் திரவ நிறப்பிரிகை மிக நுண்ணிய அளவையும் காட்டியது. பட்டான்செருவில் இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய எலைசா சோதனை முறை செலவைக் குறைத்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்து ஆய்வகம் கோழிப்பண்ணையாளர்களின் தீவனத்தைச் சோதிக்கிறது. இவ்வளவு இருந்தும் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது கருவியன்று, மாதிரி. ஒரு மூட்டையில் சில பருப்புகளிலேயே மொத்த நஞ்சும் திரண்டிருக்கலாம். மேலாக ஒரு பிடி அள்ளிச் சோதித்தால் கெட்ட மூட்டை நல்லதென்று தேறிவிடும். பல இடங்களில் எடுத்து, அரைத்து, கலந்து சோதிப்பதே முறை. அலுப்பான வேலை என்பதால் அதிகம் தவறுவதும் இதில்தான்.

தீவனமும் மனித உணவும் சந்திக்கும் இடம் பால். பசு தின்ற அஃப்ளாடாக்சின் பி1 வகையின் ஒரு சிறு பங்கு எம்1 என்ற வடிவமாக மாறி மடியில் இறங்குகிறது, காய்ச்சினாலும் போகாது. இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு. 2018இல் எடுத்த தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368 வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் மட்டும் 551க்கு 88, எண்ணிக்கையில் முதலிடம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தீவனத்தையே காரணமாகச் சுட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு பி1 வரம்பாகக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வைத்திருக்கிறது. செக்கிலிருந்து நேரே வாங்கிக் கட்டுத்தறியில் ஊறவைக்கும் கடலைப் புண்ணாக்கு அந்தக் கலப்புத் தீவனத் தரத்துக்குள் வருவதில்லை.