விடுதலைக்குப் பின்னும் விசாரணை

ஒரே குற்றத்துக்காக ஒருவர்மேல் இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(2) பிரிவு. முன்பே தண்டனை பெற்றவருக்குத்தான் அந்தக் காப்பு. விடுதலையானவரை மறுபடி கூண்டில் ஏற்றாமல் தடுப்பது சாதாரணச் சட்டமே: 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 403ஆம் பிரிவு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 300, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337. அதுவும் அந்த விடுதலைத் தீர்ப்பு செல்லுபடியாக இருக்கும்வரைதான். மேல்முறையீட்டில் தீர்ப்பு உடைந்தால் காப்பும் போய்விடும். இந்த வழியைத் திறந்தது காலனி அரசு. 1861ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதைத் தடுத்திருந்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. அமெரிக்காவிலோ 1791ஆம் ஆண்டின் ஐந்தாம் திருத்தத்தின்படி, விடுதலை தவறாகவே வழங்கப்பட்டிருந்தாலும் அதுவே முடிவு.

மேல்முறையீடு பழைய வழக்கின் தொடர்ச்சிதானே, இரண்டாம் வழக்கு எப்படி ஆகும் என்று கேட்பார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் வென்றவரை எதிர்த்து அதே அரசு மேல்மன்றம் போகும்போது, குற்றம்சாட்டப்பட்டவர் பழைய அச்சத்துக்குள்தான் மீண்டும் தள்ளப்படுகிறார். காலனிக் காலத்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் இதை உணராமல் இல்லை. சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் கருத்துக்கும், விடுதலையால் சற்றும் வலுக்குறையாத நிரபராதி என்ற அனுமானத்துக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்று 1934இல் ஷியோ ஸ்வரூப் வழக்கில் அது சொன்னது. அந்தக் கட்டுப்பாடு தளரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாட்சியத்தை வேறுவிதமாகவும் படிக்கலாம் என்பதற்காக மட்டும் ஒரு விடுதலையைக் கலைப்பது அநியாயம்.

அப்படியானால் அஞ்சிய சாட்சிகளால் கிடைத்த விடுதலையும் நிலைக்க வேண்டுமா? இதுதான் வலுவான மறுப்பு. வடோதராவில் 2002 மார்ச் 1 அன்று பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். முக்கியச் சாட்சிகள் பிறழ்ந்தார்கள்; 2003இல் குற்றம்சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலையானார்கள்; உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்த உத்தரவிட்டது. நியாயமான விசாரணையே நடக்காதபோது அதன் முடிவுக்குக் காப்புக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. தீர்ப்புப் பிடிக்காமல் கேட்கும் மறுவாய்ப்பு வேறு, நடக்காத விசாரணையை நடத்துவது வேறு. மறுவிசாரணை என்றாலே தண்டனை என்றும் ஆகிவிடவில்லை. 2006இல் மும்பை நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2012இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களில் ஐவரை விடுவித்து, நால்வரின் தண்டனையை மட்டும் உறுதிசெய்தது.