உழைச்செல்வானும் தாதியியற் கோட்பாடுகளும்: புத்தளக் கரையோர வரலாற்றின் வழி ஒரு நோக்கு

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காணும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைத்து எண்ணுகின்றது. சரகசங்கிதையும் இத்தகைய நாற்கூற்றுப் பகுப்பினை உடையது. உழைச்செல்வானுக்கு வேண்டிய பண்புகளாகப் பரிமேலழகர் நோயாளிமாட்டு அன்புடைமை, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்னும் நான்கினைச் சுட்டுவர். இவற்றுள் இறுதி இரண்டும் ஆழ்ந்து நோக்கற்பாலன. சொல்லியதைச் செய்வதே கடமையாயின், உழைச்செல்வானுக்குத் தனியே ஓர் அறிவு வேண்டப்படுவது ஏன்? அவ்வறிவு மருத்துவனின் அறிவினின்றும் எவ்வாறு வேறுபடும்? கடந்த நூற்றறுபது ஆண்டுகளில் எழுந்த தாதியியற் கோட்பாடுகள் யாவும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளே எனலாம். அவ்விடைகளைப் புத்தளக் கரையோரத்தின் இரு துன்ப நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெற்கே மகா ஓயாவின் கழிமுகம் தொடங்கிச் சிலாபம், உடப்பு, முந்தல் ஊடாக வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டையும் புத்தளக் களப்பையும் தழுவிச் செல்வது இக்கரையோரம். மீன்பிடியும் உப்பு விளைவித்தலும் தென்னைச் செய்கையும் இங்கு வாழ்வோரின் தொழில்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களும், உடப்பு, முன்னேசுவரம் முதலிய இடங்களின் சைவரும், காலப்போக்கிற் சிங்கள மொழிக்கு மாறிய, மாறிவரும் கத்தோலிக்க மீனவரும், சிங்கள பௌத்தரும் அருகருகே வாழும் நிலம் இது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’ வெளிவந்த 1859ஆம் ஆண்டின் இறுதியிலேயே, இலண்டனில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் ‘தாதிமைக் குறிப்புகள்’ என்னும் சிறுநூல் அச்சேறியது. தாதியியற் கோட்பாட்டின் தொடக்கம் அந்நூலே என்பர்.

நைற்றிங்கேலின் கருத்து எளிமையானது. நோயைக் குணப்படுத்துவது இயற்கை. அவ்வியற்கை தடையின்றித் தொழிற்படத்தக்க நிலையில் நோயாளியை வைத்திருப்பதே தாதியின் பணி. தூய காற்று, தூய நீர், கழிவு வடிகால், துப்புரவு, ஒளி, அமைதி, தக்க உணவு என்பன அந்நிலைக்கு வேண்டியவை. இக்கருத்து அவருக்கு அனுபவத்தின் வழியே வாய்த்தது. கிரிமியப் போர்க்காலத்தில் ஸ்கூட்டாரி வைத்தியசாலையில் 1855 பெப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேலாயிருந்த இறப்பு, சில மாதங்களில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. சுகாதார ஆணைக்குழுவினர் வந்து வடிகால்களைத் துப்புரவு செய்து காற்றோட்டத்தைச் சீர்ப்படுத்தியமை இதற்குப் பெருங்காரணமாகும். போர் முடிந்தபின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தபோதே நைற்றிங்கேல் இவ்வுண்மையை முழுமையாக உணர்ந்தார்.

இலங்கை இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்க நேர்ந்தது 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போதாகும். 1934இல் மழை பொய்த்தது. வற்றாது ஓடிய ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் அனொபிலிசு நுளம்பு பெருகியது. மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் வடிநிலங்கள் மிகக் கடுமையாகத் தாக்குண்டன. தெதுறு ஓயா கடலொடு கலக்கும் சிலாபப் பகுதியும் இக்கொடுமைக்குத் தப்பவில்லை. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், சில மாதங்களுள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பெருந்தொகையினர். மலேரியா நிலைகொண்டிருந்த வடக்கு வரண்ட பகுதிகளில் மக்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். அவ்வாற்றல் இல்லாத ஈரப்பகுதி ஓரங்களிலேயே நோய் தீப்போற் பரவியது.

கொயினா மருந்து வழங்கப்பட்டது. ஆயினும், உலகப் பொருளாதார மந்தத்தால் வருவாய் குன்றி, வரட்சியால் விளைச்சலும் இழந்த உடல்களில் மருந்து மட்டும் என்செய்யும்? கேகாலைப் பகுதியிற் பணியாற்றிய சூரியமல் இயக்கத்தினர் மருந்தோடு மாமைற்று உருண்டைகளையும் கொண்டுசென்றமைக்குக் காரணம் இதுவே. மருந்து, மருத்துவன் என்னும் இரு கூறுகளால் மட்டும் நோய் தீராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேங்கிய நீரும் வெறும் வயிறும் நைற்றிங்கேல் குறிப்பிட்ட ‘சூழல்’ என்பதனுள் அடங்குவனவே. அதேவேளை, அவரது கோட்பாட்டின் எல்லையும் இங்குப் புலனாகின்றது. ஒரு வைத்தியசாலையின் சாளரத்தைத் தாதி திறக்கலாம். ஓர் ஆற்றின் குட்டைகளை அவள் எவ்வாறு தூர்ப்பாள்? சூழலைப் பேணுதல் அரசினதும் சமூகத்தினதும் கடமையாக விரிவடைகின்றது.

அடுத்த நூற்றாண்டின் கோட்பாடுகள் சூழலினின்றும் நோயாளியின்பால் நோக்கைத் திருப்பின. வேர்ஜினியா ஹென்டர்சன், போதிய வலிமையும் விருப்பும் அறிவும் இருப்பின் ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாதபோது அவருக்குச் செய்துதருவதே தாதிமை என்றார். மூச்சுவிடுதல், உண்ணல் முதலாக வழிபடுதல், கற்றல் ஈறாகப் பதினான்கு தேவைகளை அவர் வகுத்தார். 1971இல் வெளிவந்த தமது நூலில் டொறத்தியா ஒறெம் இக்கருத்தைத் தற்பேணல் கோட்பாடாக விரித்தார். முழுவதும் செய்துதருதல், ஓரளவு செய்துதருதல், கற்பித்துத் துணைநிற்றல் என மூவகைப் பணிமுறைகளை அவர் காண்பர். காய்ச்சலால் நினைவிழந்து கிடப்பவருக்கு முதலாவதும், தேறிவருபவருக்கு இரண்டாவதும், வீடு திரும்புபவருக்கு மூன்றாவதும் பொருந்தும். இம்மூன்றாம் முறை இலங்கைக்கு அந்நியமானதன்று. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முதலாக, வீடுவீடாகச் சென்று கற்பிக்கும் பொதுச் சுகாதாரப் பணி இந்நாட்டில் வேரூன்றியது. 1963இல் 17 நோயாளராகக் குறைந்த மலேரியா, விழிப்புத் தளர்ந்ததும் அப்பதின்மத்தின் இறுதியில் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. நீண்ட முயற்சியின் பயனாக 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கற்பித்தலும் கண்காணித்தலும் நின்றுவிடின் மருந்தின் வெற்றி நிலையாது என்பதே இதனாற் பெறப்படும்.

இரண்டாவது நிகழ்ச்சி 1990 ஒக்டோபரில் நேர்ந்தது. வட மாகாணத்தினின்றும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஓலைக் கொட்டில்களில் அமைந்த முகாம்களில் நீரும் மலகூடமும் பற்றாக்குறையாயின. இங்கும் நைற்றிங்கேலின் பட்டியல் முதலில் நினைவுக்கு வரும். எனினும், அப்பட்டியலில் அடங்காத நோயொன்றும் இம்மக்களிடத்து இருந்தது. வீட்டையும் ஊரையும் சில மணி நேரத்தில் இழந்தவரின் துயில் இன்மைக்கும் காரணமறியா நோவுக்கும் மருந்துச்சீட்டு மட்டும் விடையாகாது.

1952இல் ஹில்டகார்ட் பெப்லோ முன்வைத்த கோட்பாடு இவ்விடத்துக்கு உரியது. தாதிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருந்தாகின்றது என்பது அவர் துணிபு. அந்நியராகச் சந்திக்கும் இருவர், நம்பிக்கை வளர்த்து, அதன் பயனைப் பெற்று, ஈற்றில் நோயாளி தன்காலில் நிற்கும் நிலையிற் பிரிகின்றனர். இவ்வுறவு மொழியின்றி வளராது. மடெலின் லைனிங்கர் மேலும் ஒருபடி சென்று, பேணுதல் என்பதே பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும் என்றார். நன்மை தரும் வழக்கத்தைப் பாதுகாத்தல், இயன்றவிடத்து இணங்கிப்போதல், தீங்கானதை மக்களோடு கலந்து மாற்றியமைத்தல் என்னும் மூன்று வழிகளை அவர் காட்டினார். நோன்பு மாதத்தில் மருந்துவேளைகளை மாற்றியமைத்தலும், பெண் நோயாளியின் நாணத்தை மதித்துத் திரையிடுதலும் சலுகைகள் அல்ல, பேணுதலின் பகுதிகளே.

இக்கோட்பாடுகளுட் பெரும்பாலானவை அமெரிக்க வைத்தியசாலைகளிற் பிறந்தவை என்பதை மறத்தல் ஆகாது. தனிமனிதனை அலகாகக் கொண்டே ஒறெம் சிந்தித்தார். பிறரைப் பேணுதலைப் பற்றி அவர் பேசினாராயினும், அது துணைக்கருத்தே. நம் நாட்டு விடுதியிலோ கட்டிலருகே தாய் அல்லது மகள் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். கஞ்சி ஊட்டுபவளும் உடல் துடைப்பவளும் அவளே. இங்கே ‘தற்பேணல்’ என்பது குடும்பப் பேணலாகும். எனவே தாதி கற்பிக்கவேண்டியது நோயாளிக்கு மட்டுமன்று. அருகில் நிற்கும் அவளுக்குமாம். கோட்பாட்டை அவ்வாறே பெயர்த்து நடுவதிலும், நம் நிலத்துக்கேற்பத் திருத்தி நடுவதே தக்கது.

கொள்ளைநோய்களின் வரலாறு எழுதப்படும்போது ஆணையாளர் அறிக்கைகளும் மருந்தின் அளவும் பதிவாகின்றன. இரவு முழுவதும் நெற்றியில் ஈரத்துணி இட்டவரின் பணி பதிவாவதில்லை. சொல்லியதைச் செய்பவர் என்றே அவர் கருதப்பட்டமையே இதற்குக் காரணம். தாதியியற் கோட்பாடுகள் அவர்தம் அறிவுக்குப் பெயர் சூட்டின. நோயாளியை எவ்வாறு நோக்குவது, எப்போது செய்துதருவது, எப்போது கைவிட்டு நடக்கவிடுவது என்னும் அறிவே அது. இவ்வறிவு நோயாளியின் மொழியில் வழங்கப்பெறும்போதே முழுமையடையும். நம் கரையோர விடுதிகளில் ‘எங்கே நோகிறது?’ என்ற வினாவை நோயாளி தன் தாய்மொழியிற் கேட்கும் நிலை உறுதியாதல் வேண்டும். குறள் வகுத்த நாற்கூற்றுள் நான்காவது கூறு அப்போதே நிறைவுபெறும்.