நிலையற்ற வெற்றோட்டம்

நிலையற்ற வெற்றோட்டம் என்பது, முடுக்கி மிதிக்கப்படாத நிலையில் தானுந்தின் பொறி சீரான வேகத்தில் சுழலாமல் ஏறி இறங்குவதையும், அதிர்வதையும், சில வேளைகளில் நின்றுவிடுவதையும் குறிக்கும். பேச்சுவழக்கில் இவ்வோட்டம் ஐடிலிங் எனப்படும். சூடேறிய பெட்ரோல் பொறி இந்நிலையில் பொதுவாக நிமிடத்திற்கு 600 முதல் 900 முறை சுழலும். இக்கட்டுரை மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை கொண்ட பெட்ரோல் பொறிகளைப் பற்றியது.

வெற்றோட்டத்தில் குறை வெளிப்படுவது ஏன்?

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் அதைப்போல் சுமார் 14.7 மடங்கு காற்று தேவை. வெற்றோட்டத்தில் திராட்டில் இதழ் ஏறக்குறைய மூடியிருப்பதால் பொறி இழுக்கும் காற்று மிகக் குறைவு. எனவே விரிசல் விட்ட ஒரு ரப்பர்க் குழாய் வழியே நுழையும் சிறிதளவு காற்றும் கலவையைக் குலைத்துவிடும். வேகம் கூடும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அதே கசிவின் விளைவு மறைந்துவிடுகிறது.

முதன்மைக் காரணங்கள்

* காற்றுக் கசிவு: வெற்றிடக் குழாய்கள், உள்ளிழுப்புக் குழலின் கேஸ்கட், பிரேக் பூஸ்டரின் சவ்வு
* எரியூட்டல்: தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில்
* எரிபொருள்: அடைபட்ட இன்ஜெக்டர், குறைந்த எரிபொருள் அழுத்தம்
* காற்றுக் கட்டுப்பாடு: கரி படிந்த திராட்டில், முழுமையாக மூடாத இஜிஆர் வால்வு
* உட்பாகங்கள்: வால்வு அல்லது பிஸ்டன் வளையத் தேய்வால் குறைந்த அமுக்கம்

கண்டறியும் முறை

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பணவிரயம் ஆகும். குறை ஓர் உருளையிலா, அனைத்திலுமா என்பதே முதலில் அறிய வேண்டியது.

1. பழுதுக் குறியீடுகளைப் படித்தல். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் ஓபிடி-2 தானுந்துகளில் கட்டாயமானது. இம்முறையில் பி0301 என்பது முதல் உருளையில் எரிதல் தவறுவதையும், பி0300 பல உருளைகளில் தவறுவதையும், பி0171 கலவையில் எரிபொருள் குறைந்திருப்பதையும் காட்டும். குறியீடு அறிகுறியைச் சொல்லுமேயன்றிப் பழுதான பாகத்தைச் சொல்லாது.
2. ஓர் உருளை மட்டும் தவறினால், தனித்தனிக் காயில் உள்ள பொறிகளில் அதன் காயிலை வேறோர் உருளைக்கு மாற்றலாம். தவறும் உடன் இடம் மாறினால் காயிலே காரணம். மாறாவிடில் பிளக், இன்ஜெக்டர், அமுக்கம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
3. எல்லா உருளைகளும் பாதிக்கப்பட்டால் எரிபொருள் திருத்த அளவை நோக்க வேண்டும். காற்றோட்ட உணரி உள்ள பொறிகளில், வெற்றோட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்து, 2500 சுற்றுகளில் சுழிக்கு அருகே இறங்கினால் காற்றுக் கசிவு எனக் கருதலாம். வேகத்துடன் அளவும் கூடினால் எரிபொருள் வழங்கலை ஐயுற வேண்டும்.
4. கசியும் இடத்தை உள்ளிழுப்புக் குழலில் புகை செலுத்திக் காணலாம். எரியக்கூடிய நீர்மங்களைச் சூடான பொறிமீது தெளிப்பது தீ விபத்தை உண்டாக்கலாம்.

பாதுகாப்பு

பிரேக்கை மிதிக்கும்போது சீறல் கேட்டு, மிதி கடினமாகி, வெற்றோட்டமும் மாறினால் பூஸ்டர் சவ்வு கிழிந்திருக்கலாம், அவ்வண்டியை ஓட்டக்கூடாது. எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிச் சிதைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூடிய கொட்டகைக்குள் பொறியை ஓடவிட்டுச் சோதித்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடும்.