நந்தனாராக வந்த சுந்தராம்பாள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் நான் கேட்பது பாடகி, நடிகை கே.பி. சுந்தராம்பாளைத்தான். ஐரோப்பிய ஓப்பராக்காரர்களைப் போல, மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்தவர்.

1908-இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிய சிறுமி. நாடகக் கம்பெனியில் வளர்ந்தார். இலங்கை மேடையில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து பாடினார், அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். ஆண் நடிகருக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார்.

அந்த உறுதியை மீறாமலே 1935-இல் படத்தில் நடித்தார், சிவனடியார் நந்தனார் என்ற ஆண் வேடத்திலேயே! நந்தனாரின் எஜமானரான வேதியராக வந்தவர் கச்சேரி வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். சுந்தராம்பாளின் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் யாரும் நம்பாத தொகை. நாடகக் குரல் என்று அவரை ஒதுக்குவோர் மேல் எனக்குக் கோபமே வரும். மேடையின் உரத்த வீச்சும் கச்சேரியின் சுருதிச் சுத்தமும் ஒரே தொண்டையில் கூடியது எத்தனை அரிது!

1953-இல் ஔவையார் படம். சென்னை மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள் வேடம். அப்போதும் அந்த உச்சஸ்தாயி அசையவில்லை.